அண்டார்டிகாவுக்குப் பறக்கும் ராணுவச் சரக்கு விமானங்கள்: பனிக்கண்ட ஆய்வுக்கும் எண்ணூர் கரைக்கும் என்ன சம்பந்தம்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகு ஆழ்கடலுக்குக் கிளம்பும் முன் மூன்று கணக்கு பார்ப்பார்கள். டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எவ்வளவு, எத்தனை நாளைக்குச் சாப்பாட்டுச் சாமான். இதில் ஒன்று குறைந்தாலும், வலையில் மீன் விழுந்துகொண்டிருக்கும்போதே கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். நடுக்கடலில் கடை கிடையாது.

பூமியின் தென்கோடியில் உள்ள அண்டார்டிகாவிலும் இதே கணக்குதான். அங்கே எதுவும் விளையாது, எதையும் வாங்க முடியாது. விஞ்ஞானிக்கு வேண்டிய அரிசி முதல் ஜெனரேட்டருக்கு வேண்டிய எரிபொருள், ஆய்வுக் கருவி, ஊசி மருந்து வரை அனைத்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டும். கப்பல் போக முடியாத இடத்துக்கும், கப்பலுக்காகக் காத்திருக்க முடியாத நேரத்துக்கும் சரக்கு விமானம்தான் ஒரே வழி. அந்த விமானங்களில் பல, ராணுவத்துக்குச் சொந்தமானவை அல்லது ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்டவை.

2025 அக்டோபர் 2ஆம் தேதி, கோவாவின் மோபா விமான நிலையத்திலிருந்து ஐஎல்-76 ரகச் சரக்கு விமானம் ஒன்று சுமார் 18 டன் பொருள்களுடன் அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையங்களுக்காகப் புறப்பட்டது. இந்தியாவிலிருந்தே நேரடியாகச் சரக்கு விமானம் அனுப்பப்பட்டது இதுவே முதல் முறை. ஆய்வுக் கருவிகள், மருந்துகள், உணவுப் பொருள்கள் ஆகியவை அதில் சென்றன.

'சரி, பனிக்கண்டத்துக்கு விமானம் போனா போகட்டும். திருவொற்றியூர்ல இருக்கறவனுக்கு அதுல என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, முதலில் அங்கே ராணுவம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விஞ்ஞானிகள் இடத்துல ராணுவத்துக்கு என்ன வேலை?

அண்டார்டிகா எந்த நாட்டுக்கும் சொந்தமாக அங்கீகரிக்கப்படாத கண்டம். அங்கே ஆயுதப் போட்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக 1959 டிசம்பர் 1ஆம் தேதி வாஷிங்டனில் 12 நாடுகள் அண்டார்டிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1961இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1983 ஆகஸ்டில் அதில் இணைந்தது. அடுத்த மாதமே வாக்குரிமை உள்ள ஆலோசனை உறுப்பு நாடாகவும் ஆனது.

ஒப்பந்தத்தின் முதல் பிரிவே ராணுவத் தளம், ராணுவப் பயிற்சி, ஆயுதச் சோதனை ஆகியவற்றைத் தடை செய்கிறது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: அறிவியல் ஆய்வுக்கோ, அமைதியான வேறு பணிக்கோ ராணுவ வீரர்களையும் ராணுவ உபகரணங்களையும் பயன்படுத்தத் தடையில்லை. அப்படிக் கொண்டுவருகிற நாடு மற்ற நாடுகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மற்ற நாடுகளின் பார்வையாளர்கள் வந்து சோதனையிடவும் அனுமதிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ராணுவ விமானம் வரலாம். ராணுவ வேலைக்கு வரக் கூடாது.

இந்த விதிவிலக்குக்குக் காரணம் நடைமுறைதான். 1950களில் பனியில் விமானத்தை இறக்கத் தெரிந்தவர்கள், பாராசூட்டில் சரக்கு போடத் தெரிந்தவர்கள், கடும் குளிரில் என்ஜினைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ராணுவத்தில்தான் இருந்தார்கள். 1956 அக்டோபர் 31ஆம் தேதி தென் துருவத்தில் முதன்முதலில் தரையிறங்கியது அமெரிக்கக் கடற்படையின் விமானம். அடுத்து அங்கே அமைந்த அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்துக்குத் தேவையான கட்டுமானப் பொருள்களை அமெரிக்க விமானப்படையின் பெரிய சரக்கு விமானங்கள் பாராசூட் மூலம் போட்டன. தரைவழியே ஒரு லாரி கூடப் போகாத இடத்தில் வானிலிருந்தே ஒரு நிலையம் இறக்கப்பட்டது.

'ஆபரேஷன் டீப் ஃப்ரீஸ்' என்ற பெயரில் அன்று தொடங்கிய அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. ஆராய்ச்சித் திட்டத்தை நடத்துவது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்ப்பது விமானப்படை. பனியில் சறுக்கி இறங்கும் எல்சி-130 விமானங்களை நியூயார்க் மாநில ஏர் நேஷனல் கார்டின் 109ஆவது பிரிவு இயக்குகிறது. நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா, பிரேசில் விமானப்படைகளும் தத்தம் நாட்டு ஆய்வு நிலையங்களுக்கு இதே வேலையைச் செய்கின்றன.

இந்தியா எப்படிப் போச்சு?

இந்தியாவின் கதை கப்பலில் தொடங்கியது. 1981 டிசம்பர் 6ஆம் தேதி டாக்டர் எஸ்.இசட்.காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட குழு, 'போலார் சர்க்கிள்' என்ற வாடகைக் கப்பலில் கோவாவிலிருந்து கிளம்பி, 1982 ஜனவரி 9ஆம் தேதி அண்டார்டிகாவில் கால் வைத்தது. கப்பலிலிருந்து பனிக்கரைக்கு ஆளையும் பொருளையும் கொண்டு சேர்த்தவை கடற்படையின் சேதக் ஹெலிகாப்டர்கள்.

1983இல் கிளம்பிய மூன்றாவது குழு இன்னும் பெரியது. ஹர்ஷ் கே.குப்தா தலைமையில் 81 பேர். முப்படையினரும் அதில் இருந்தார்கள். சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளும் சென்றது அந்தப் பயணத்தில்தான். ஒரே கோடைப் பருவத்துக்குள் 'தக்ஷிண் கங்கோத்ரி' நிலையம் எழும்பியது. கப்பலில் வந்த ஒவ்வொரு பலகையும் பெட்டியும் பனித்தட்டின் மேல் ஏற்றப்பட்டதில் ஹெலிகாப்டர்களின் பங்கு பெரிது. அதன்பின் அங்கே முதன்முதலாகக் குளிர்காலம் முழுவதும் தங்கிய 12 பேர் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் ஒரு ராணுவ அதிகாரியே.

தக்ஷிண் கங்கோத்ரி மெல்ல மெல்லப் பனிக்குள் புதைந்துபோனது. அதற்குப் பதிலாகப் பாறை நிலத்தில் 1989இல் மைத்ரி வந்தது. 2012இல் பாரதி வந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் 3,000 கி.மீ. தூரம். ராமேசுவரத்திலிருந்து காஷ்மீருக்குப் போகிற தூரத்தைவிட அதிகம். நடுவில் ஊர் இல்லை, சாலை இல்லை.

எல்லாத்தையும் கப்பல்லயே கொண்டு போனா என்ன?

பெரும்பகுதி இன்றும் கப்பலில்தான் போகிறது. எரிபொருள், கன்டெய்னர், வண்டி என்று கனமான சரக்கை விமானத்தில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் சாலைகளில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளை வைத்துக் கணக்குப் போட்டால் இது எளிதில் புரியும். கோவாவிலிருந்து கிளம்பிய விமானம் கொண்டு போன 18 டன் என்பது, அந்த வரிசையில் நிற்கும் ஒரே ஒரு லாரியின் சுமை. பனியில் இறங்கும் எல்சி-130 தூக்குவது இன்னும் குறைவு, சுமார் 12 டன்.

அப்படியும் விமானம் எதற்கு? காலம்தான் காரணம். அண்டார்டிகாவைச் சுற்றிக் குளிர்காலத்தில் கடலே உறைந்து கிடக்கிறது. கப்பல் நெருங்குவது கோடையின் சில வாரங்களில் மட்டும். அங்கே கோடை என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கப்பலை மட்டும் நம்பினால் விஞ்ஞானி போய்ச் சேர்வதற்குள் பாதிப் பருவம் முடிந்துவிடும். விமானத்தில் போனால் நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். மூன்று மாதம் லீவு போட முடியாத பேராசிரியர் மூன்று வாரத்தில் ஆய்வை முடித்துத் திரும்பவும் முடியும்.

இதற்காக இந்தியா உட்பட 11 நாடுகள் சேர்ந்து 'டிராம்லான்' என்ற கூட்டு விமானச் சேவையை நடத்துகின்றன. கூட்டு ஆட்டோ மாதிரிதான். தனித்தனியாக விமானம் வைத்துக்கொள்ளாமல் செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து ஐஎல்-76 கிளம்பி, சுமார் 6 மணி நேரத்தில் ரஷ்யாவின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்துக்கு அருகே உள்ள பனி ஓடுபாதையில் இறங்கும். மைத்ரி அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சேவையில் பறப்பது இந்திய விமானப்படையின் விமானம் அல்ல, வாடகைக்கு அமர்த்தப்பட்டது. ஆனால் ஐஎல்-76 சோவியத் ராணுவத்துக்காக உருவான ரகம். 1985 முதல் இந்திய விமானப்படையிலும் 'கஜராஜ்' என்ற பெயரில் இருக்கிறது. பின்பக்கக் கதவைத் திறந்து வண்டியையே உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். கரடுமுரடான ஓடுபாதையிலும் இறங்கும். போருக்காகச் செய்த இந்த வசதிகள்தான் பனிக்கும் பொருந்தின.

நோவோ ஓடுபாதையிலிருந்து மற்ற நிலையங்களுக்குப் போகும் சிறிய விமானங்களில் ஒன்று பாஸ்லர் பிடி-67. இது வேறொன்றுமில்லை, இரண்டாம் உலகப் போர்க்கால டகோட்டாவின் உடலில் புது என்ஜின் பூட்டியது. 1947 அக்டோபரில் இந்திய வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கியதும், 1956இல் தென் துருவத்தில் முதலில் இறங்கியதும் இதே டகோட்டா குடும்பம்தான்.

பனி மேல விமானம் எப்படி இறங்குது?

இரண்டு வழி உண்டு. முதல் வழி, சக்கரத்தோடு இறங்குவது. அண்டார்டிகாவின் சில இடங்களில் காற்று, மேலே உள்ள தளர்வான பனியைச் சீவி எடுத்துவிடும். அடியில் கண்ணாடி போல இறுகிய நீலப் பனி தெரியும். அதன் மேற்பரப்பைச் சுரண்டிச் சமப்படுத்தினால் ஐஎல்-76 போன்ற கனமான விமானமே சக்கரத்தோடு இறங்கலாம். ஆனால் பிரேக் போட்டால் வழுக்கும். என்ஜினின் எதிர்விசையைக் கொண்டே வேகத்தைக் குறைக்க வேண்டும். அதனால்தான் அங்கே ஓடுபாதை கிலோமீட்டர் கணக்கில் நீளமாக இருக்கிறது.

இரண்டாவது வழி, ஸ்கீ எனப்படும் சறுக்குக் கட்டை. எல்சி-130இன் சக்கரங்களோடு பெரிய சறுக்குக் கட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஓடுபாதையே இல்லாத தளர்ந்த பனியிலும் இறங்கலாம். திரும்பக் கிளம்பும்போது பனி ஒட்டிக்கொண்டு விடாது; பலமுறை ஓடிப் பார்த்துத்தான் மேலெழும்ப வேண்டியிருக்கும். இந்திய விமானப்படையிடமும் சி-130ஜே விமானங்கள் இருக்கின்றன. 2013இல் லடாக்கின் தௌலத் பெக் ஓல்டியில், கடல்மட்டத்திலிருந்து 16,000 அடிக்கு மேல் உள்ள தளத்தில் அவற்றில் ஒன்று இறங்கிக் காட்டியது. ஆனால் அவற்றுக்கு ஸ்கீ கிடையாது.

அடுத்த சிக்கல் எரிபொருள். மணலி சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் பொருள்களில் விமான எரிபொருளும் ஒன்று. உலகம் முழுக்கப் பயணிகள் விமானங்கள் பயன்படுத்தும் ஜெட் ஏ-1 ரகம், மைனஸ் 47 டிகிரி வரை உறையாமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. சென்னை வெயிலில் இருப்பவருக்கு அது போதாதா என்று தோன்றும். தென் துருவத்தில் போதாது. குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 60 டிகிரி சாதாரணம். அதனால் அமெரிக்க நிலையங்களில் மைனஸ் 58 டிகிரி வரை தாங்கும் தனி ரக எரிபொருள் பயன்படுகிறது. அப்படியும் மைனஸ் 50 டிகிரியை ஒட்டி வந்துவிட்டால் எல்சி-130ஐ இறக்கத் தயங்குவார்கள். எரிபொருள் மட்டுமல்ல, ஹைட்ராலிக் எண்ணெயும் ரப்பர் சீல்களும் குளிரில் இறுகிவிடும். எனவே பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரை தென் துருவ நிலையத்துக்கு வழக்கமான விமானமே கிடையாது.

திரும்பி வரும்போதும் விமானம் காலியாக வருவதில்லை. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறைப்படி, பெரும்பாலான கழிவுகளைக் கண்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தாக வேண்டும். பனித் துளையிட்டு எடுத்த ஐஸ் தண்டுகளும் வரும். பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய காற்று அவற்றுக்குள் குமிழாக அடைபட்டிருக்கிறது. மேற்கு அண்டார்டிகாவில் 3,400 மீட்டர் ஆழம் வரை துளைத்து எடுத்த தண்டுகளை ஏற்றி வந்தபோது, அவை உருகிவிடக் கூடாது என்பதற்காகச் சரக்குப் பகுதியில் சூடேற்றாமலேயே எல்சி-130ஐ ஓட்டினார்கள். மீன் கெடாமல் இருக்க ஐஸ் பெட்டியைக் காப்பது போலத்தான், இங்கே ஐஸையே காக்கிறார்கள்.

நடுவழியில வானிலை மாறினா?

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்துக்குச் சுமார் 3,800 கி.மீ. எல்சி-130க்கு 8 மணி நேரம் ஆகும். வழியில் ஒரு புள்ளி உண்டு. அதற்கு முன்னால் வானிலை மோசம் என்று தகவல் வந்தால் திரும்பிவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் திரும்புவதற்கு எரிபொருள் பத்தாது. எப்படியும் அங்கேதான் இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் விமானி இந்தப் புள்ளியில் ஒரு முடிவெடுக்கிறார். பாதி வழி போய்த் திரும்பி வரும் பயணங்கள் அங்கே சகஜம்.

வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, எது மேடு எது பள்ளம் என்று தெரியாமல் போவது இன்னொரு ஆபத்து. 1979 நவம்பர் 28ஆம் தேதி நியூசிலாந்தின் சுற்றுலாப் பயணிகள் விமானம் எரிபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 9ஆம் தேதி சிலி விமானப்படையின் சி-130 விமானம் அண்டார்டிகாவில் உள்ள தன் தளத்துக்குப் போகும் வழியில் கடலில் விழுந்தது. அதில் இருந்த 38 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த வலி சென்னைக்குப் புதிதல்ல. 2016 ஜூலை 22ஆம் தேதி காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை மூன்றும் வாரக்கணக்கில் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தத் தேடலில் 'சாகர் நிதி' என்ற ஆய்வுக் கப்பலும் ஈடுபட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் கப்பல் அது. உறைபனிக் கடலைத் தாங்கும் வகையில் கட்டப்பட்டது. தென் அட்சம் 66 டிகிரி வரை சென்ற முதல் இந்தியக் கொடி ஆய்வுக் கப்பல் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில் அதே கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், அந்த விமானத்தின் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. விஞ்ஞானிக்கு விமானப்படை உதவும் கதைகளுக்கு நடுவே, விஞ்ஞானிகள் விமானப்படைக்குத் திருப்பிச் செய்த உதவி இது. 29 குடும்பங்களுக்கு ஒரு விடையாவது கிடைத்தது.

உயிர் போற அவசரம்னா?

1999ஆம் ஆண்டு தென் துருவ நிலையத்தில் ஒரே ஒரு மருத்துவர்தான். பெயர் ஜெர்ரி நீல்சன். குளிர்காலத்தின் நடுவில் தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். விமானம் இறங்க முடியாத காலம். ஜூலை மாத இருட்டில் அமெரிக்க விமானப்படை விமானம் ஒன்று மருந்துகளையும் பரிசோதனைக் கருவிகளையும் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பியது. கீழே பனியில் தீ மூட்டி இடத்தை அடையாளம் காட்டினார்கள். அவர் சக ஊழியர்களின் உதவியோடு தனக்கே பரிசோதனை செய்து, சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். அக்டோபர் 16ஆம் தேதி, வழக்கமான நாளுக்கு முன்பாகவே, எல்சி-130 இறங்கி அவரை ஏற்றி வந்தது. அதன்பின் அவர் பத்தாண்டுகள் வாழ்ந்தார்.

மைத்ரியிலும் பாரதியிலும் குளிர்காலத்தில் தங்கும் இந்தியர்களுக்கும் இதே நிலைமைதான். குழுவில் மருத்துவர் உண்டு. ஆனால் பெரிய அறுவை சிகிச்சை என்றால் வானிலை மனது வைக்க வேண்டும். விமான இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பது அங்கே தங்குபவர்களின் வீட்டாருக்குத் தூக்கம் வருமா வராதா என்ற கேள்வி.

இதெல்லாம் எண்ணூருக்கு எதுக்கு?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம்.

அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும் என்பது கணக்கு. அது நாளைக்கே நடக்கப்போவதில்லை. விஞ்ஞானிகளின் கவலை த்வைட்ஸ் என்ற ஒரு பனியாற்றைப் பற்றியது. பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. அது மட்டும் முழுதாகக் கடலில் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். அது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

இதற்கு விடை சொல்ல உதவியதும் ஒரு ராணுவ விமானம்தான். 1970களில் அமெரிக்கக் கடற்படையின் எல்சி-130 விமானங்களில் ரேடார் பூட்டி, பனியின் தடிமனை அளந்து படச்சுருளில் பதிவு செய்தார்கள். பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த அந்தச் சுருள்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு கணினிக்கு மாற்றி, பிற்கால அளவீடுகளோடு ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டது. த்வைட்ஸின் கிழக்குப் பனித்தட்டு 1978க்கும் 2009க்கும் இடையே 10 முதல் 33 சதவீதம் வரை மெலிந்திருந்தது. அன்று அந்த விமானம் பறந்திருக்காவிட்டால் இன்று ஒப்பிட எதுவுமே இருந்திருக்காது.

பனி உருகிய தண்ணீர் உலகம் முழுக்க ஒரே சீராகப் பரவுவதும் இல்லை. பெரிய பனித்திரள் தன் ஈர்ப்பு விசையால் பக்கத்துக் கடல்நீரைத் தன்னை நோக்கி இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளர்கிறது. பக்கத்தில் கடல்மட்டம் இறங்கும். தொலைவில் உள்ள கடல்களில் சராசரியைவிட அதிகம் ஏறும். வங்கக் கடல் தொலைவில் இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் இல்லை.

ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு சொல்லும் கணக்கு இது: 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஏறியது. முன்பைவிட இது வேகம்.

அதற்காக ராயபுரம், திருவொற்றியூர் கரைகள் கரைந்ததற்கு அண்டார்டிகாதான் காரணம் என்று சொன்னால் தவறு. அதற்கு முக்கியக் காரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. இந்தக் கடற்கரையில் மணல், ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே குப்பங்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. பாறாங்கல் கொட்டித் தூண்டில் வளைவுகள் அமைத்து எண்ணூர் விரைவு சாலையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் ஏற்கெனவே அரித்த கரையின் மேல்தான் உயரும் கடலும் ஏறப்போகிறது. தூண்டில் வளைவு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், கல் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்த 50 ஆண்டில் கடல் எவ்வளவு ஏறும் என்ற மதிப்பீட்டைச் சார்ந்தவை. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் வடியாமல் நின்றதையும், மணலிப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் முகத்துவாரத்தில் படகு, வலை, வீடு என்று எல்லாவற்றிலும் ஒட்டியதையும் எண்ணூர் மறந்திருக்காது. கடல்மட்டம் சில அங்குலம் ஏறினாலும் வெள்ளம் வடிகிற நேரம் நீளும். துறைமுகங்கள், அனல்மின் நிலையம், எண்ணெய்க் குழாய்கள், மீனவர் குடியிருப்பு எல்லாம் ஒரே தாழ்நிலத்தில் நெருக்கியடித்து இருக்கும் இடம் இது.

அந்த மதிப்பீட்டின் மிகப் பெரிய நிச்சயமின்மை அண்டார்டிகாதான். அங்கே போய் அளக்கிறவர் இல்லாவிட்டால், இங்கே சுவர் கட்டுகிறவர் குத்துமதிப்பாகத்தான் கட்ட வேண்டும்.

அடுத்து என்ன?

பனி ஆய்வுக்குப் போகும் பாதையையே வெப்பம் தொட ஆரம்பித்துவிட்டது. மெக்மர்டோவுக்கு அருகே இருந்த பெகாசஸ் ஓடுபாதை, கோடையில் மேற்பரப்பு உருகியதால் 2016இல் மூடப்பட்டு, வேறு இடத்தில் புதிய ஓடுபாதை அமைக்கப்பட்டது. எல்சி-130 விமானங்களும் பழசாகிவிட்டன. உலகில் இந்த ரகம் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது. புதிய ஜே வகை விமானங்கள் வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. ஒரு விமானம் பழுதாகி நின்றால் அந்தப் பருவத்தில் சில ஆய்வு முகாம்கள் ரத்தாகும். தொடர்ந்து எடுக்க வேண்டிய அளவீட்டில் ஓராண்டு விட்டுப்போனால், அதைப் பின்னால் போய் நிரப்ப முடியாது.

இந்தியாவைப் பொறுத்தவரை, 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்டிக் ஒப்பந்த ஆலோசனைக் கூட்டத்தில் பழைய மைத்ரிக்குப் பதிலாக மைத்ரி-2 கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. புதிய நிலையம் என்றால் கட்டுமானப் பொருள் முதல் ஆள்கள் வரை மீண்டும் பெரிய அளவில் அனுப்ப வேண்டியிருக்கும். 1983இல் முப்படைகள் சேர்ந்து செய்ததைப் போன்ற ஒரு வேலை. 2022இல் நிறைவேறிய இந்திய அண்டார்டிக் சட்டத்தின்படி, அங்கே செல்வதற்கும் கழிவைக் கையாள்வதற்கும் இப்போது அனுமதியும் பொறுப்பும் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன.

கூட்டுச் சேவையையே நம்பியிருப்பதா, சொந்த ஏற்பாட்டை வளர்ப்பதா என்பது பணமும் அரசியலும் கலந்த முடிவு. 11 நாடுகளின் கூட்டில் ரஷ்யாவும் இருக்கிறது, ஐரோப்பிய நாடுகளும் இருக்கின்றன. உக்ரைன் போர் வந்தபின் வேறு பல இடங்களில் இவர்கள் ஒரே மேசையில் உட்காருவதில்லை. ஆனால் நோவோவில் ஓடுபாதை ஒன்றுதான். அங்கே இறங்கினால்தான் மைத்ரிக்குப் போகலாம்.

காசிமேட்டிலிருந்து கிளம்பும் படகில் டீசலும் ஐஸும் சரியாக இருந்தால் அந்த வாரம் ஒரு குடும்பத்துக்குச் சோறு. கேப்டவுனிலிருந்து கிளம்பும் விமானத்தில் ரேடாரும் எரிபொருளும் சரியாக இருந்தால், காசிமேட்டுக் கரையில் அடுத்த தலைமுறை எவ்வளவு உயரத்தில் வீடு கட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு எண் கிடைக்கும்.